‘கையை அசைக்காதே... கேட்டா உடனே பதில் சொல்!’ - ஆட்டிசம் பிள்ளைகளும் கறுப்பின வீடுகளின் கூடுதல் பாடமும்

2010-ம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம், ஸ்டாஃபோர்ட் கவுன்ட்டி. காலை நேரம். அங்கிருக்கும் பொது நூலகம் இன்னும் திறக்கவில்லை. வெளியே புல்தரையில் 18 வயது இளைஞர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பெயர் நெலி லாட்சன். நூலகம் எப்போது திறக்கும் என்று காத்திருக்கிறார். அவ்வளவுதான்.

யாரோ போலீஸுக்குத் தகவல் சொல்கிறார்கள். ‘கறுப்பின ஆள் ஒருவர் சந்தேகப்படும்படி உட்கார்ந்திருக்கிறார். கையில் துப்பாக்கி இருக்கலாம்’ என்று. எதிரே பள்ளிக்கூடம் வேறு. போலீஸ் அதிகாரி வருகிறார். துப்பாக்கி எதுவும் இல்லை. பிரச்னை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால், அதிகாரி பெயரைக் கேட்கிறார். நெலி சொல்லவில்லை. எழுந்து நடக்கப் பார்க்கிறார். அதிகாரி பிடிக்கிறார். கைகலப்பு ஆகிறது, அதிகாரிக்குக் காயம் ஏற்படுகிறது. நெலி கைது செய்யப்படுகிறார்.

நெலிக்கு ஆட்டிசம் உண்டு. பின்னணி தெரியாத ஒருவர் திடீரென்று கேள்வி கேட்டால் பதில் சொல்வதும், தெரியாத கை மேலே படுவதைப் பொறுத்துக்கொள்வதும் ஆட்டிசம் உள்ள பலருக்குச் சாதாரண விஷயங்கள் இல்லை. ஆனால், நீதிமன்றத்தில் அது பெரிதாக எடுபடவில்லை. சிறைத்தண்டனை கிடைத்தது. அதன்பிறகும் சிக்கல் ஓயவில்லை. மீண்டும் சிறை, மாதக்கணக்கில் தனிமைச் சிறை. ஆட்டிசம் உள்ள ஒருவரை நான்கு சுவர்களுக்குள் தனியாக அடைத்து வைப்பது என்னவெல்லாம் செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

2015 ஜனவரியில் அப்போதைய ஆளுநர் டெர்ரி மெக்காலிஃப் நிபந்தனையுடன் மன்னிப்பு வழங்கினார். முழு மன்னிப்பு கிடைத்தது 2021-ல், ஆளுநர் ரால்ஃப் நார்தம் கையெழுத்தில். நூலகத்துக்குப் போன ஒரு பையன் அந்தக் காலை நேரத்திலிருந்து முழுசாக வெளியே வர 11 வருடங்கள் ஆகியிருக்கின்றன.

ஆட்டிசம் பற்றி இப்போது நம் எல்லோருக்குமே ஓரளவு தெரியும். ஏப்ரல் மாதம் வந்தால் நீல விளக்கு, விழிப்புணர்வு நடை, தெரபி சென்டர் விளம்பரம் எல்லாம் பார்க்கிறோம். ஆனால், அந்தப் பிள்ளையின் தோல் நிறம் கறுப்பாக இருந்தால் அமெரிக்காவில் என்ன நடக்கிறது? இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

புலன்கள் வேறு மாதிரி வேலை செய்தால்...

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஆட்டிசம் என்றாலே ‘பேச மாட்டான், பழக மாட்டான்’ என்றுதான் நினைக்கிறோம். புலன் வேறுபாடு என்ற இன்னொரு பக்கமும் இருக்கிறது. நமக்கு லேசாகக் கேட்கும் டியூப் லைட்டின் ரீங்காரம் சிலருக்கு டிரில்லிங் மெஷின் போலக் கேட்கும். சட்டைக் காலரில் இருக்கும் லேபிள் ஊசியாய்க் குத்தும். மிக்ஸி சத்தத்தில் வீட்டைவிட்டே ஓடத் தோன்றும். இன்னும் சிலருக்கு இதற்கு நேரெதிர்: வலியும் குளிரும் தாமதமாகத்தான் உறைக்கும், இறுக்கமான அணைப்பு இருந்தால்தான் உடம்பு அமைதியாகும்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 என்ற கையேட்டில்தான் இந்தப் புலன் வேறுபாடு ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

இப்படி உள்ளவர்கள் தங்களைத் தாங்களே சமாளித்துக்கொள்ளச் சில வழிகள் வைத்திருப்பார்கள். கைகளைப் படபடவென ஆட்டுவது, முன்னும் பின்னும் ஆடுவது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது. இதை ‘ஸ்டிம்மிங்’ என்கிறார்கள். காதை மூடிக்கொள்வது, ஹெட்போன் மாட்டிக்கொள்வது, ஹூடியின் தொப்பியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்வது இவையும் அதே ரகம்தான். ஹூடி வெளிச்சத்தைக் குறைக்கும், சத்தத்தைக் குறைக்கும், தலையைச் சுற்றி ஒரு மெத்தென்ற அழுத்தம் தரும்.

ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் ஹூடியை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், கையை ஆட்டிக்கொண்டு தெருவில் நடந்தால், ‘பாவம், ஏதோ பிரச்னை போல’ என்று நினைக்க ஆள் இருக்கிறது. அதே ஹூடியில் ஒரு கறுப்பினச் சிறுவன் நடந்தால்? 2012 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் சான்ஃபோர்ட் நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட 17 வயது டிரேவான் மார்ட்டின் அணிந்திருந்ததும் ஹூடிதான். அவருக்கு ஆட்டிசம் கிடையாது. ஆனால், அதற்குப் பிறகு அமெரிக்காவின் கறுப்பின வீடுகளில் ஹூடி வெறும் துணியாக இல்லை.

‘தி டாக்’ எனும் பாடம்

கறுப்பினக் குடும்பங்களில் பிள்ளைகள் வளரும் வயதில் பெற்றோர் கட்டாயம் நடத்தும் பாடம் ஒன்று உண்டு. அதற்கு ‘தி டாக்’ என்றே பெயர். போலீஸ் நிறுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பாடம். கைகள் இரண்டும் வெளியே தெரிய வேண்டும். பாக்கெட்டுக்குள் கை போகக் கூடாது. திடீரென்று அசையக் கூடாது. ஓடவே கூடாது. கேட்டதற்கு உடனே, மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். எதை எடுப்பதாக இருந்தாலும் சொல்லிவிட்டு மெதுவாக எடுக்க வேண்டும்.

இந்தப் பட்டியலை ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளையின் அம்மாவாக ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள்.

கையை அசைக்காதே என்றால், பதற்றத்தில் அந்தக் கை தானாக ஆடும். உடனே பதில் சொல் என்றால், கேள்வி மூளைக்குப் போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். சைரனும் சுழலும் விளக்கும் சேர்ந்து அடிக்கும்போது வாயில் வார்த்தையே வராமல் போகலாம். ஓடாதே என்றால், காது வெடிக்கும் அளவுக்குச் சத்தம் கேட்கும்போது உடம்புக்குத் தெரிந்த ஒரே வழி ஓடுவதுதான். தொட்டால் பொறுத்துக்கொள் என்றால், தொடுவதே வலியாக இருக்கும்.

உயிரைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லித் தரும் ஒவ்வொரு விதியும், அந்தப் பிள்ளையின் உடம்பால் செய்ய முடியாத ஒன்றாக இருக்கிறது. எல்லா அம்மாக்களும் சொல்லித் தருகிற பாடத்தை, பிள்ளையால் தேற முடியாது என்று தெரிந்தே சொல்லித் தர வேண்டிய நிலை இந்த அம்மாக்களுக்கு.

நடிகை ஹாலி ராபின்சன் பீட் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவரும் அம்மாக்களில் ஒருவர். கணவர் ராட்னி பீட் புகழ்பெற்ற முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர். இவர்களின் மகன் ஆர்.ஜே-வுக்கு மூன்று வயதில், 2000-ம் ஆண்டில் ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டது. பணம், பெயர், புகழ் எல்லாம் இருக்கும் குடும்பம். அப்படியும், வளர்ந்து ஆளாகி நிற்கும் மகன் போலீஸ் முன்னால் எப்படி நடந்துகொள்வானோ என்ற பயம் அவரை விட்டதில்லை. வசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தப் பயம் மட்டும் பொது.

அந்த இரவு

2019 ஆகஸ்ட் 24. கொலராடோ மாநிலம், அரோரா நகரம். இரவு சுமார் பத்தரை மணி. 23 வயது எலைஜா மெக்லெய்ன் கடையில் ஐஸ் டீ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். மசாஜ் தெரபிஸ்ட் வேலை. காப்பகத்துப் பூனைகளுக்கு வயலின் வாசித்துக் காட்டும் மனிதர். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் குளிர்க்கவசம். ரத்தசோகையால் அவருக்குச் சீக்கிரம் குளிர் எடுக்கும் என்று குடும்பத்தினர் பின்னர் சொன்னார்கள்.

‘முகமூடி அணிந்த ஒருவர் கையை வித்தியாசமாக ஆட்டிக்கொண்டு போகிறார்’ என்று ஒருவர் போலீஸுக்கு போன் செய்தார். போலீஸார் வந்து நிற்கச் சொன்னார்கள். எலைஜா உடனே நிற்கவில்லை. பிடித்தார்கள். தன் எல்லையை மதிக்கும்படி கேட்டார். தான் தனிமை விரும்பி, மற்றவர்களைவிடக் கொஞ்சம் வித்தியாசமானவன், அவ்வளவுதான் என்று சொன்னார். மூச்சுவிட முடியவில்லை என்றார். கழுத்தில் பிடி போட்டார்கள். பின்னர் வந்த துணை மருத்துவர்கள் 500 மில்லிகிராம் கீட்டமைன் மயக்க ஊசி போட்டார்கள். அவர் உடல் எடைக்கு அது மிக அதிகம். இதயம் நின்றது. ஆறு நாள்கள் கழித்து மருத்துவமனையில் உயிர்க்காப்புக் கருவிகள் அகற்றப்பட்டன. அவர் எந்தக் குற்றமும் செய்திருக்கவில்லை.

2023-ல் ஒரு போலீஸ் அதிகாரியும் இரண்டு துணை மருத்துவர்களும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. வேறு இரண்டு அதிகாரிகள் விடுவிக்கப்பட்டார்கள்.

எலைஜாவுக்கு ஆட்டிசம் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், போலீஸ் கேமராவில் பதிவான அந்த வீடியோ வெளியானபோது, ஆட்டிசம் உள்ள கறுப்பினத்தவர்கள் பலர் அதில் தங்களையே பார்த்தார்கள். ‘நான் வித்தியாசமானவன்’ என்று அவர்களும் எத்தனையோ பேரிடம் விளக்கிச் சொன்னவர்கள்தான். அந்த விளக்கம் போதாமல் போகும் இடம் எது என்பதை அந்த வீடியோ காட்டியது. நானும் பார்க்க ஆரம்பித்தேன். பாதியில் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் மீதியைப் பார்க்க முடிந்தது.

பெயர் தெரியாமல் கழியும் வருடங்கள்

சரி, சின்ன வயதிலேயே ஆட்டிசம் என்று கண்டுபிடித்து உதவி செய்திருந்தால்? அங்கேயும் வரிசையில் கறுப்பினப் பிள்ளைகள் பின்னால்தான் நிற்கிறார்கள்.

ஆட்டிசம் பற்றிய முதல் முக்கியமான ஆய்வுக் கட்டுரையை 1943-ல் எழுதியவர் லியோ கேனர். 11 பிள்ளைகளைப் பற்றிய கட்டுரை அது. அதில் கறுப்பினப் பிள்ளை ஒருவர்கூட இல்லை. பட்டியலில் முதல் பிள்ளையான டொனால்ட் டிரிப்லெட், மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். அப்பா வழக்கறிஞர், அம்மாவின் குடும்பத்துக்கு ஊர் வங்கியில் பங்கு. பிள்ளையை பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வரை அழைத்துப்போக அவர்களால் முடிந்தது. நிறவெறிச் சட்டங்கள் கோலோச்சிய அதே மிசிசிப்பியில், அதே அறிகுறிகளோடு ஒரு கறுப்பினக் குழந்தை இருந்திருந்தால், அதன் பெற்றோருக்கு அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்பதே தெரிந்திருக்காது.

‘அது பழைய கதை’ என்று விட்டுவிட முடியவில்லை. டேவிட் மாண்டெல் குழுவினர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பிலடெல்பியாவில் அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தது. வெள்ளையினப் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் கண்டறியப்பட்ட சராசரி வயது 6.3. கறுப்பினப் பிள்ளைகளுக்கு 7.9. ஒரே ஊர், ஒரே காப்பீடு. ஆனாலும் ஒன்றரை வருட இடைவெளி. 2007-ல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, கறுப்பினப் பிள்ளைகளுக்கு முதலில் ‘நடத்தைக் கோளாறு’ போன்ற வேறு பெயர்கள் சூட்டப்படுவது அதிகம் என்று சொன்னது.

2020-ல் ஜான் கான்ஸ்டான்டினோ குழுவினர், ஆட்டிசம் உள்ள 584 கறுப்பினப் பிள்ளைகளைப் பற்றி ஆய்வு வெளியிட்டார்கள். பிள்ளையிடம் ஏதோ வித்தியாசம் இருக்கிறது என்று பெற்றோர் கவலைப்பட ஆரம்பித்த நாளிலிருந்து ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லும் நாள் வரை, சராசரியாக மூன்று வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது. ‘அந்தப் பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று சொல்ல முடியாது. அவர்கள் கவனித்துவிட்டார்கள். சொன்னது காதில் விழத்தான் தாமதம்.

மூளை வேகமாக வளரும் பருவத்தில் மூன்று வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை. பேச்சுப் பயிற்சியும் புலன் சார்ந்த தெரபியும் கிடைத்திருக்க வேண்டிய காலத்தில், பள்ளியில் ‘அடங்காத பிள்ளை’ என்ற பெயர் கிடைக்கிறது. காதை மூடிக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தால், ஒரு பிள்ளைக்கு அமைதியான மூலை தருகிறார்கள். இன்னொரு பிள்ளைக்கு சஸ்பெண்ட் உத்தரவு தருகிறார்கள். முகத்தில் உணர்ச்சி காட்டாமல், ஒரே தொனியில் பேசும் கறுப்பினச் சிறுமிக்கு ‘திமிர்’ என்று பெயர்.

நல்ல மாற்றமும் உண்டு. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., 2020-ம் ஆண்டில் எட்டு வயதுப் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கை 2023-ல் வெளியிட்டது. வெள்ளையினப் பிள்ளைகளில் 2.4 சதவிகிதம் பேருக்கும், கறுப்பினப் பிள்ளைகளில் 2.9 சதவிகிதம் பேருக்கும் ஆட்டிசம் கண்டறியப்பட்டிருந்தது. கறுப்பினப் பிள்ளைகளின் எண் வெள்ளையினப் பிள்ளைகளின் எண்ணைத் தாண்டியது இந்தக் கணக்கெடுப்பில் இதுவே முதல்முறை. நோய் பரவிவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. இத்தனை காலம் கண்ணில் படாமல் இருந்தவர்கள் இப்போது கண்ணில் படுகிறார்கள்.

ஆனால், அதே கணக்கில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. ஆட்டிசம் கண்டறியப்பட்டு, அறிவுத்திறன் விவரமும் பதிவான கறுப்பினப் பிள்ளைகளில் 50.8 சதவிகிதம் பேருக்கு அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருந்தது. வெள்ளையினப் பிள்ளைகளில் அது 31.8 சதவிகிதம். அறிகுறி மேலோட்டமாக உள்ள கறுப்பினப் பிள்ளைகள் இன்னும் கணக்கில் வராமல் விடுபடுகிறார்களோ என்ற கேள்வியை இது எழுப்புகிறது.

வீட்டுக்குள்ளும் ஒரு போராட்டம்

எல்லாவற்றையும் போலீஸ் தலையிலும் டாக்டர் தலையிலும் போட்டுவிட முடியாது. வீட்டுக்குள் நடப்பதையும் இந்த அம்மாக்களே பேசுகிறார்கள்.

தலைமுடியையே எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பின வீடுகளில் பிள்ளைக்குத் தலை பின்னுவது ஒரு சடங்கு மாதிரி. அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவே பிள்ளை உட்காரும். சிக்கெடுத்து, எண்ணெய் தடவி, வகிடு பிரித்து, தலையோடு ஒட்டிப் பின்னி முடிக்க மணிக்கணக்கில் ஆகும். கதை, பாட்டு, கொஞ்சல் எல்லாம் அங்கேதான். தலையில் கை வைத்தாலே அழும் பிள்ளையை ‘டெண்டர் ஹெடட்’ என்று செல்லமாகச் சொல்வார்கள். தலைத்தோல் கூச்சம் உள்ள பிள்ளை என்று அர்த்தம். எல்லா வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும் என்பதால், சீப்பு பட்டாலே அலறும் பிள்ளைக்கு அது நிஜமாகவே தாங்க முடியாத வலி என்பது பலநேரம் தெரியாமலே போய்விடும். பின்னாமல் விட்டாலோ ஊர் பேசும். கறுப்பினப் பிள்ளையின் தலை கலைந்திருந்தால், ‘வளர்ப்பு சரியில்லை’ என்று அம்மாவைத்தான் முதலில் சொல்வார்கள்.

பையன்களுக்கு பார்பர் ஷாப். அங்கு முடி மட்டுமா வெட்டுகிறார்கள்? அரசியல், விளையாட்டு, ஊர்க்கதை என ஆண்கள் கூடும் இடம் அது. கிளிப்பரின் இரைச்சலும் கழுத்தில் உறுத்தும் முடியும் தாங்காத பிள்ளைக்கு அந்த உலகமே மூடிவிடுகிறது.

தேவாலயமும் அப்படித்தான். ஆர்கன், டிரம்ஸ், கைத்தட்டல், கூட்டப் பாட்டு. காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையைப் பெரியவர்கள் ‘மரியாதை இல்லை’ என்று முறைப்பார்கள். ஆனால், இதில் ஓர் அழகும் உண்டு. எல்லோரும் எழுந்து ஆடி, கைதட்டிப் பாடும் அந்த இடத்தில், முன்னும் பின்னும் ஆடும் ஒரு பிள்ளை யார் கண்ணையும் உறுத்தாது. வெளியே போனால்தான் அந்த ஆட்டம் ‘வித்தியாசம்’ ஆகிறது.

‘வெளியில் அப்படிச் செய்யாதே’ என்று கறுப்பினப் பெற்றோர் பிள்ளையை அதட்டுவது கௌரவத்துக்காக மட்டும் இல்லை. ஆடும் கை ஆபத்தாகிவிடுமோ என்ற பயம். அதனால் பிள்ளைகள் தங்கள் இயல்பை மறைக்கப் பழகுகிறார்கள். ‘மாஸ்க்கிங்’ என்று இதைச் சொல்வார்கள். நாள் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு நடமாடுவது மாதிரி. வீட்டுக்கு வந்ததும் உடைந்து போவார்கள். ஆட்டிசத்தை மறைக்க ஒரு முகமூடி, வெள்ளையர் மத்தியில் ‘ஆபத்தில்லாத ஆள்’ என்று காட்ட இன்னொன்று. இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறார்கள்.

மாற்றத்துக்கான வேலை

கமீல் புரோக்டர் என்ற அம்மா 2009-ல் டெட்ராய்ட்டில் ‘கலர் ஆஃப் ஆட்டிசம்’ அமைப்பைத் தொடங்கினார். மகனுக்காக உதவி தேடிப் போன இடங்களில் தன்னைப் போன்ற குடும்பங்களைக் காணாததுதான் தொடக்கம். 2017-ல் வெளியான ‘ஆல் தி வெயிட் ஆஃப் அவர் டிரீம்ஸ்’ என்ற தொகுப்பு, வெள்ளையர் அல்லாத ஆட்டிசம் உள்ளவர்கள் தங்கள் அனுபவத்தைத் தாங்களே எழுதியது. மொரேனிகே கிவா ஒனைவு உள்ளிட்ட மூன்று பேர் அதன் தொகுப்பாசிரியர்கள்.

இல்லினாய் மாநிலத்தில் 2012-ல், ஆட்டிசம் உள்ள 15 வயது கறுப்பினச் சிறுவன் ஸ்டெஃபான் வாட்ஸ், தன் வீட்டிலேயே போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். உதவி கேட்டு போலீஸை அழைத்தது குடும்பம்தான். அவர் சகோதரி உள்ளிட்டோர் விடாமல் போராடியதில், 2021-ல் அந்த மாநிலத்தில் சட்டம் வந்தது. மனநல நெருக்கடி என்று அழைப்பு வந்தால், போலீஸுக்குப் பதிலாக மனநலப் பணியாளர்கள் போக வழி செய்யும் சட்டம் அது.

கனெக்டிகட் மாநிலத்தில் ஆட்டிசம் உள்ள வாகன ஓட்டிகளுக்கு நீல உறை தரும் திட்டம் உண்டு. லைசென்ஸையும் ஆவணங்களையும் அதில் வைத்துக்கொள்ளலாம். ‘இவரிடம் பொறுமையாகப் பேசவும்’ என்பதுபோன்ற குறிப்புகள் மேலே இருக்கும். நல்ல யோசனைதான். ஆனால், கறுப்பின ஓட்டுநர் ஒருவர் அந்த உறையை எடுக்கக் கையை நீட்ட வேண்டும். ‘தி டாக்’ பாடத்தில் செய்யவே கூடாத அசைவு அது. காகிதம் மட்டும் போதாது. எதிரே நிற்பவருக்கும் பயிற்சி வேண்டும்.

இதில் எல்லாம் ஒரு விஷயம் பொதுவாகத் தெரிகிறது. இத்தனை நாளும் மாறச் சொன்னது பிள்ளைகளைத்தான். கையை அடக்கு, குரலை அடக்கு, ஹூடியைக் கழற்று. பார்க்கிறவர்களின் கண் மாற வேண்டும் என்பதை இப்போதுதான் சட்டமாக எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். அந்த வேலையையும் பெரும்பாலும் பிள்ளையை இழந்த, பிள்ளைக்காகப் பயந்த குடும்பங்களேதான் செய்துகொண்டிருக்கின்றன.

அடுத்தமுறை எங்காவது ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், கையை ஆட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், ‘என்ன வளர்ப்பு இது’ என்று நினைப்பதற்கு முன்னால், ‘இந்தப் பிள்ளைக்கு இங்கே எது வலிக்கிறது’ என்று ஒரு நொடி யோசிப்போம். அந்த ஒரு நொடியை யாராவது கொடுத்திருந்தால், நெலி லாட்சன் அன்று காலை நூலகத்துக்குள் போய், தனக்குப் பிடித்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.